நீலச் சட்டையும் இரண்டு இருமலும்

மகளின் கல்யாணத்தன்று விடியற்காலையில் சௌந்திரத்தின் கையில் ஒரு தோல்முட்டை கிடைத்தது.

ஓடே கட்டாத முட்டை. உள்ளங்கையில் வைத்ததும் தளதளவென்று ஆடியது. கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இது ஒன்றும் காணாத காட்சியில்லை. வேறு யாராக இருந்தாலும் தென்னை மரத்தடியில் வீசிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். ஆனால் சௌந்திரத்தின் ஷெட்டில், இப்போதிருக்கும் கூட்டம் முட்டைக்கு வந்த நாளிலிருந்து, இப்படி ஒன்று விழுந்ததில்லை. கோழி எதற்கோ மிரண்டால்தான் தோல்முட்டை இடும் என்பது அவளுடைய தீர்மானம். மிரளும்படி இங்கே என்ன நடந்தது?

அவள் அப்படியே நின்று காது கொடுத்தாள். கோழிகள் வழக்கம்போல முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தன. காற்றுதான் இல்லை. கத்திரி வெயில் காலத்திலும் விடியற்காலையில் கொஞ்சமாவது சிலுசிலுக்கும். அன்றைக்கு அதுவும் இல்லை. ஷெட்டின் ஓரத்தில் கட்டியிருந்த சாக்குப் படுதா இம்மியும் அசையவில்லை. குழாயில் வந்த தண்ணீர் அந்நேரத்துக்கே வெதுவெதுவென்று இருந்தது.

"என்ன புள்ள, நின்னுட்டே?" அடுத்த வரிசையிலிருந்து அவள் கணவர் சின்னண்ணன் கேட்டார். அவரும் அவளைப்போலவே நீலச் சட்டை போட்டு, தலையில் சாம்பல் நிறத் துண்டு கட்டியிருந்தார். அவள் முன்னால் போனால்தான் அவர் உள்ளே நுழைவார்.

"ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி, முட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். கல்யாண நாளும் அதுவுமாக அவருக்கு ஏன் ஒரு வெசனம்? அவருக்கும் சேர்த்து அவளே பட்டுக்கொண்டாள்.

சௌந்திரம் பள்ளிபாளையத்துக்காரி. தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்ததால் குரலே கொஞ்சம் உரக்கத்தான் வரும். எருமப்பட்டிக்குக் கிழக்கே இந்தக் காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, கோழி என்றால் குழம்பு என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. வந்த இரண்டாம் வருஷம் பொங்கலன்று அவள் ஒரு கூத்துச் செய்தாள். தாய்வீட்டிலிருந்து வந்த சிவப்புச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம், கையில் பொங்கச்சோறு. "சாமிகளா, உங்களுக்கும் பொங்கலுங்கோ!" என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டாள்.

அவ்வளவுதான். ஒரு கோழி எழும்பியது. அதைப் பார்த்துப் பக்கத்துக் கோழி எழும்பியது. அப்புறம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஷெட்டே எழும்பியது. கூண்டுக் கம்பியில் முட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதித்து, இறகும் தூசியுமாக ஒரே களேபரம். கூண்டுக் கோழிக்குக் கண்ணில் படுவதுதான் உலகம். பழகாத நிறம் ஒன்று திடுதிப்பென்று உள்ளே வந்தால் அதற்குப் பருந்து வந்த மாதிரி. அன்றைக்குச் சில கோழிகள் செத்தன. மறுநாளிலிருந்து தோல்முட்டையும் கீறல் முட்டையுமாக விழுந்தது. அந்தக் கூட்டம் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து வந்ததுதான் நீலச் சட்டை. குமாரபாளையத்தில் ஒரே கடையில் ஒரே துணியாக எடுத்துத் தைப்பாள். புதுச் சட்டையை அப்படியே போடமாட்டாள். வெயிலில் காயப்போட்டுக் காயப்போட்டு, பழசின் நிறத்துக்கு அது வெளுத்த பிறகுதான் உடம்பில் ஏற்றுவாள். மேற்கு வாசலில் கால் நனைத்துப் போவதற்கு ஒரு மருந்துத்தண்ணீர்த் தொட்டி உண்டு. அதில் காலை வைத்து ஏறி, தகரக் கதவில் இரண்டு தட்டு. தொண்டையைச் செருமி, குட்டையாக இரண்டு இருமல். 'நாந்தான் வாரேன்' என்று சொல்வது மாதிரி. உள்ளேயிருந்து 'குர்ர்ர்' என்று ஒரு முனகல் கிளம்பி, வரிசை வரிசையாகக் கடைசிவரைக்கும் ஓடும். அதைக் கேட்ட பிறகுதான் முதல் அடி. வலது கைப்பக்கத்து வரிசைதான் முதலில். இடது முதலில் என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு கூட்டத்தையும் குஞ்சாக வந்து இறங்கிய நாளிலிருந்தே இந்தச் சட்டைக்கும் இந்த இருமலுக்கும் பழக்கினாள்.

அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கொஞ்ச காலத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். மற்ற பண்ணைகளில் தீவனத்தில் அதைக் கலந்து, இதைக் கலந்து, விளக்கைக் கூட்டி, முட்டையை இழுஇழு என்று இழுப்பார்கள். உச்சத்துக்குப் போகும், அப்புறம் சரிந்து விழும். கோழி ஓய்ந்துபோய்க் கறிக்கு லாரி ஏறும். சௌந்திரத்தின் கோழி அந்த உச்சத்தைத் தொட்டதேயில்லை. ஆனால் மற்றவர்கள் ஷெட்டைக் கழுவி அடுத்த குஞ்சுக்குக் காத்திருக்கும்போதும் அவளுடைய கூட்டம் அலுங்காமல் குலுங்காமல் முட்டை வைத்துக்கொண்டிருக்கும். தீவனக் கம்பெனிக்காரர்கள் ஒருதடவை நாமக்கல்லில் கூட்டம் போட்டு, அவளை மேடையில் ஏற்றி ரகசியத்தைச் சொல்லச் சொன்னார்கள்.

"ரகசியமெல்லாம் இல்லீங்க. தெனமும் அதேதான். எச்சாவும் வேண்டாம், கொறச்சலாவும் வேண்டாம். கோழி நாளைக்கும் முட்டை உடோணுமில்லீங்களா?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மைக்கை நீட்டிய பையன் திருதிருவென்று விழித்தான்.

பக்கத்துத் தோட்டத்துக் காளியண்ணனுக்கு மட்டும் இது பிடிபடவில்லை. அவரும் பண்ணைக்காரர்தான். அவர் ஷெட்டில் பகலெல்லாம் ரேடியோ அலறும். யார் வேண்டுமானாலும் எந்த நிறத்திலும் உள்ளே போவார்கள், வருவார்கள். முட்டை சுமார்தான். ஆனால் ஷெட்டுக்குப் பக்கத்தில் வெடி வெடித்தாலும் அவர் கோழி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தீவனத்தைக் கொத்தும்.

"அம்மிணி, உன்ற கோழிக முட்டை உடறதுல கெட்டிதான், ஒத்துக்கறேன். ஆனா பயந்தாங்கொள்ளிக. ஒரு நாளைக்கு நீ இல்லீன்னா என்ன பண்ணும்?"

"நான் ஏனுங்ணா இல்லாமப் போறேன்?" என்றாள் சௌந்திரம்.

சொன்னபடியே இல்லாமல் போகவும் இல்லை. காய்ச்சலோடு போனாள். கை வீங்கியபோது ஒரு கையால் தீவன வண்டியைத் தள்ளினாள். பள்ளிபாளையத்தில் அவளைப் பெற்றவள் செத்தபோது, பிணத்தை எடுத்தவுடன் குளித்துவிட்டு, அக்காமார்கள் வாயடைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருக்க, சாயங்காலத் தீவனத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். மகள் தனப்பிரியாவின் பள்ளிக்கூட விழா எதற்கும் அவள் போனதில்லை. "நான் கோழியாப் பொறந்திருக்கலாம்மா" என்று அந்தப் பிள்ளை ஒருதடவை சொல்லியிருக்கிறாள். சௌந்திரம் சிரித்தாள். பிள்ளை சிரிக்கவில்லை.

பண்ணையில் அங்காளம்மாள் என்று ஒருத்தி வேலை செய்தாள். பக்கத்துக் காலனிக்காரி, பல வருஷமாக இருப்பவள். முட்டையை அட்டையில் அடுக்குவது, தொட்டி கழுவுவது, சாக்கு உதறுவது எல்லாம் அவள் வேலை. எல்லாமே ஷெட்டுக்கு வெளியில். உள்ளே போக அவளுக்கு அனுமதி இல்லை. "அது எங்கைக்குத்தான் அடங்கும் அங்கா. நீ வந்தீன்னா மெரண்டுக்கும்" என்பாள் சௌந்திரம். இதில் கொஞ்சம் ஆணவம் இருந்தது, ஏன் பொய் சொல்லவேண்டும்? தன் ஒருத்தியால்தான் அந்த ஷெட் மூச்சு விடுகிறது என்று அவள் முழுசாக நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருஷம் எழுந்து நடந்தாள்.

வைகாசியில் கல்யாணம் என்று நாள் குறித்தபோதே அவள் தீவன நேரத்தைக் கணக்குப் போட்டாள். நாமக்கல் மண்டபம், காலை முகூர்த்தம். விடியக் காலையில் தீவனத்தைப் போட்டுவிட்டுப் போனால், பந்தி முடிந்து சாயங்காலத் தீவனத்துக்குத் திரும்பிவிடலாம். நடுவில் வெயில் ஏறினால் கூரைக்கடியில் ஓடும் குழாய்களில் ஃபாகர் பனி மாதிரி தண்ணீரைத் தூவும். கரண்டு இருக்கும்வரை அது பாட்டுக்கு ஓடும். கரண்டு போனால் ஜெனரேட்டர்.

வெள்ளிக்கிழமை தோறும் அந்த ஜெனரேட்டரை ஓட்டிப்பார்ப்பது அவள் வழக்கம். ஓட்டாமல் போட்டால் பேட்டரி இறங்கிவிடும், பழைய பேட்டரி. கல்யாணத்துக்கு முந்தின இரண்டு வெள்ளியும் பத்திரிகை வைக்க ஊர் ஊராகப் போனதில் அது விட்டுப்போயிற்று. வாழ்நாளெல்லாம் ஒரு வேலையை மறக்காதவள் அதை மறந்தாள். மறந்தது அவளுக்குத் தெரியவும் இல்லை.

கிளம்பும்போது சட்டையைக் கழற்றி மேற்கு வாசல் ஆணியில் மாட்டினாள். வீட்டுக்குப் போய்க் குளித்து அரக்குப் பட்டு உடுத்தி, தலை கொள்ளாமல் பூ வைத்துக்கொண்டு கார் ஏறும்போது அங்காளம்மாளைக் கூப்பிட்டாள்.

"நான் வார வரைக்கும் ஆரும் உள்ள போகக் கூடாது. நீயும்தான். என்ன நடந்தாலுஞ்சரி, போன் பண்ணு."

"செரிங்கம்மா. நீங்க வெசனப்படாமப் போயிட்டு வாங்க. கல்யாணத்துல போயி நின்னு மனசாரப் பாருங்க" என்றாள் அங்காளம்மாள்.

மண்டபத்தில் சொந்தபந்தமும் ஒறம்பரையுமாக நிறைந்து வழிந்தது. சௌந்திரம் வருகிறவர்களைக் கும்பிட்டாள், சந்தனம் கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மனசு ஒன்றிலும் ஒட்டவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் வெளியே வெயில் வெள்ளை வெளேரென்று எரிந்தது. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. மணமேடையில் தனப்பிரியா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். கெட்டிமேளம் கிளம்பியது.

அந்த நொடியில் மண்டபத்தின் விளக்கெல்லாம் அணைந்தது. மின்விசிறிகள் சுற்றித் தேய்ந்து நின்றன.

மேளம் நிற்கவில்லை, தாலியும் ஏறியது, அட்சதையும் விழுந்தது. வாசல்பக்கம் மண்டபத்து ஜெனரேட்டர் டபடபவென்று கிளம்ப, விளக்கு வந்தது. பையன்கள் ஓ என்று கத்திச் சிரித்தார்கள். எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். சௌந்திரம் மட்டும் நின்றுபோயிருந்த ஒரு விசிறி மறுபடி மெல்லச் சுற்றத் தொடங்குவதையே பார்த்தாள்.

போனைப் போட்டாள். உடனே எடுத்தாள் அங்காளம்மாள்.

"இங்கயும் கரண்டு போயிருச்சுங்கம்மா. லைன்ல பெருசா என்னமோ கோளாறாமா. இஞ்சின் சாவியத் திருகுனா டிக்குனு ஒரு சத்தம், அதோட செரி. ரெண்டு மூணு வாட்டி திருகிப் பாத்துட்டனுங்க."

அப்போதுதான் அந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளும் அவள் தலையில் இடியாக இறங்கின. அட கெரகமே! எங்கே தவறவே கூடாதோ அங்கேயே தவறிவிட்டாள். சின்னண்ணன் சம்பந்தியோடு சடங்கில் உட்கார்ந்திருந்தார்; எழுப்ப முடியாது. அவள் மேடையோரம் போய் நின்று மகளைப் பார்த்தாள். வாயைத் திறக்குமுன்பே தனப்பிரியாவுக்குப் புரிந்துவிட்டது.

"கோழியா?"

"கரண்டு இல்லியாமா, சாமி. இஞ்சினும் எடுக்கலையாமா."

புதுத் தாலியைக் கையால் பிடித்தபடி தனப்பிரியா சொன்னாள். "போம்மா. நீ இங்க நின்னாலும் இங்க இருக்க மாட்டே."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சௌந்திரத்துக்கு ஊசி மாதிரி குத்தியது. ஆனாலும் போனாள். அவள் ஓடிவருவதைப் பார்த்ததும், பந்தியில் முதல் வாய் வைக்கப்போன காளியண்ணன் இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்து கார்ச் சாவியை எடுத்தார்.

ஊரைத் தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்தது. தூரத்தில் தார்மேல் தண்ணீர் நிற்கிற மாதிரி கானல் ஆடியது. ஆடு மாடு ஒன்றும் கண்ணில் படவில்லை. எல்லாம் நிழல் தேடி ஒதுங்கியிருந்தன. எப்போதும் வாய் ஓயாத காளியண்ணன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தார். அவருக்குத் தெரியும். இந்த வெயிலில் காற்றும் தண்ணீர்த் தூவலும் நின்றால் முட்டைக்கோழி எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மறுபடி போன் போட்டாள். "என்ன பண்ணுது அங்கா?"

"வாயப் பொளந்துக்கிட்டு, றெக்கைய விரிச்சுக்கிட்டு நிக்குதுங்கம்மா. வலைக்கு வெளிய நின்னு பாத்தேன். சத்தமே இல்லீங்க."

சத்தமே இல்லை. கத்துகிற கோழியைக் காப்பாற்றிவிடலாம்.

"மருந்தடிக்கற ஸ்ப்ரேயர நல்லாக் கழுவி, தண்ணி ரொப்பி வெச்சிருக்கறனுங்க. முதுகுல மாட்டிக்கிட்டு உள்ள போயி, கோழி மேல தூவிக்கிட்டே போகட்டுங்களா?" என்று கேட்டாள் அங்காளம்மாள்.

"வேண்டாம்! உன்ற சேலையப் பாத்துச்சுன்னா அத்தனையும் எந்திரிச்சுக்கும். இந்த வெக்கையில ஒருக்கா பறந்து அடிச்சுதுன்னா நெஞ்சு வெடிச்சுச் செத்துப்போயிரும். நான் வாரேன். நான் வந்தர்றேன்."

காளியண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "உன்ற சட்டை அங்கதான தொங்குது அம்மிணி? அவள மாட்டிக்கிட்டு உள்ள போகச் சொல்லு."

"சட்டைய மாட்டுனா ஆச்சுங்களா? அவ நடை வேற, கை வேற. கண்டுபுடிச்சிரும். நானே போறனுங்ணா, நீங்க கொஞ்சம் வெரசா ஓட்டுங்க."

"கோழிக்கு அத்தனை வெவரம் இருக்குதுங்கறே?"

காளியண்ணன் காரை விரட்டினார். வழிமறிக்கிற மாதிரி ரோட்டில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த ரோடு முடியவே மாட்டேனென்றது. ஒரு சொல் சொல்லியிருந்தால் அங்காளம்மாள் அப்போதே உள்ளே போயிருப்பாள் என்பது பிற்பாடு அவளுக்கு எத்தனையோ தடவை நினைவுக்கு வந்தது. அந்த ஒரு சொல் அப்போது வாயில் வரவில்லை.

கார் நிற்பதற்குள் இறங்கி ஓடினாள். ஷெட்டுப் பக்கம் மயான அமைதி. இத்தனை ஆயிரம் உயிர் இருக்கிற இடத்தில் ஒரு முனகல் இல்லை. கிட்டப்போனதும் அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. சௌந்திரத்துக்குப் புத்தி என்பதே அந்த நேரத்தில் இல்லை. தட்டவில்லை, இருமவில்லை. ஆணியில் தொங்கிய சட்டை கண்ணிலேயே படவில்லை. அரக்குப் பட்டும், கழுத்து நிறைய நகையும், தலை நிறையப் பூவுமாகத் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

பொங்கலன்று நடந்தது மறுபடி நடந்தது. இந்தத் தடவை கத்திரி வெயிலில்.

முன்வரிசைக் கோழிகள் சுவரில் அடிபட்ட மாதிரி பின்னால் சாய்ந்து எழும்பின. பறக்கத் தெம்பில்லாமல் பறந்து, கம்பியில் மோதி, வாய் பிளந்தபடி விழுந்தன. விழுந்தவை எழவில்லை. அவள் கண்ணெதிரே, கையெட்டும் தூரத்தில், ஒன்று கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டே துவண்டது. அலை உள்ளே பரவத் தொடங்கியது. அப்போதுதான் தான் என்ன உடுத்தியிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. "ஐயோ, பாவி நான்!" என்று பின்னால் துள்ளினாள். கால் மருந்துத் தொட்டியில் சறுக்கியது. கணுக்கால் மடங்கி, தொட்டிக்கு வெளியே மண்ணில் விழுந்தாள்.

காளியண்ணன் ஓடிவந்து தூக்கினார். நிற்க முடியவில்லை, காலை ஊன்றினால் உயிர் போனது. ஒரு தடவை முயன்றாள், மறு தடவையும் முயன்றாள். இரண்டு தடவையும் உட்கார்ந்தாள்.

"என்ற வண்டி பேட்டரியக் கழட்டி உன்ற இஞ்சினுக்கு மாட்டறேன். செட்டாகலீன்னா பண்ணைக்குப் போயி வேற கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுக் காளியண்ணன் ஜெனரேட்டர் கொட்டகைக்கு ஓடினார்.

முதுகில் ஸ்ப்ரேயரோடு அங்காளம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பச்சைச் சேலை. முகமெல்லாம் வேர்வை. சௌந்திரம் அவளைப் பார்த்தாள். ஆணியில் தொங்கும் சட்டையைப் பார்த்தாள். உள்ளே சிறகடிப்பு ஒவ்வொரு வரிசையாக ஆழமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அங்கா" என்றாள். "அந்தச் சட்டைய எடுத்துப் போட்டுக்க. துண்டையும் தலையில கட்டிக்க."

"நானுங்களா?"

"நீதான். சேலையத் தூக்கிச் செருகிச் சட்டைக்குள்ள உட்டுக்க. வலது கைப்பக்கந்தான் மொதல்ல. கையத் தோளுக்கு மேல தூக்காத. கோழி கண்ணப் பாக்காத. மெதுவா, தண்ணியத் தூவிக்கிட்டே போயிட்டே இரு."

ஸ்ப்ரேயரை இறக்கி, சட்டையை மாட்டினாள் அங்காளம்மாள். பைக்குள் என்னவோ நசுங்கி ஈரம் படர்ந்தது. காலையில் வைத்த தோல்முட்டை. இரண்டு பேரும் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. மறுபடி ஸ்ப்ரேயரை முதுகில் ஏற்றிக்கொண்டு கதவருகே போனவள் திரும்பினாள்.

"இருமோணுமில்லீங்க? எனக்கு அது வராதுங்கம்மா. பயமா இருக்குது."

"நான் இங்கிருந்து இருமறேன். நீ போ."

கிடந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, தகரக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினாள் சௌந்திரம். தொண்டையைச் செருமி, இரண்டு இருமல். நீலச் சட்டை உள்ளே போனது.

சௌந்திரம் தகரக் கதவில் காதை வைத்துக்கொண்டாள். அங்காளம்மாள் அவளைவிடக் குட்டை. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து நடப்பாள். வித்தியாசம் தெரியாமல் இருக்குமா? இப்போது எழும்பும், இதோ எழும்பும் என்று காத்திருந்தாள். மறுபடி இருமினாள். ஸ்ப்ரேயரின் கைப்பிடி ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் சொய்யென்று விழும் சத்தம் கேட்டது. சிறகடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. அவள் இருமிக்கொண்டே இருந்தாள். 'நாந்தான், நாந்தான் சாமிகளா' என்று ஒவ்வொரு இருமலிலும் கெஞ்சினாள். கண்ணில் தண்ணீர் ஓடி, கல்யாணத்துக்குப் பூசிய மஞ்சள் கன்னத்தில் கரைந்தது. தொண்டை புண்ணாகி, கடைசியில் காற்றுத்தான் வந்தது, சத்தம் வரவில்லை.

இருமல் நின்றுபோயிற்று.

அங்காளம்மாள் ஷெட்டின் பாதியைத் தாண்டியிருப்பாள். அங்கே, தண்ணீர்ச் சத்தத்தில், நன்றாக இருமினாலும் இங்கிருந்து கேட்பது சந்தேகந்தான். சௌந்திரம் இரண்டு கையாலும் மண்ணைப் பற்றிக்கொண்டு காது கொடுத்தாள். தன் இருமல் நின்றது தெரிந்து கோழிகள் மிரளப்போகின்றன என்று நினைத்தாள். தன் குரல் இல்லாமல் அந்தக் கூட்டம் ஒரு நிமிஷமும் அடங்காது என்று நினைத்தாள். கேட்டது தண்ணீர் விழும் சத்தம் மட்டுந்தான். அடுத்த வரிசை. அதற்கடுத்த வரிசை. ஒரு சிறகு அடிக்கவில்லை.

அவளுக்கு அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. குளித்த ஈரத் தலையோடு பஸ் ஏறிய அந்தச் சாயங்காலம் வந்தது. பள்ளிக்கூட மேடையிலிருந்து கூட்டத்தில் தன்னைத் தேடியிருக்கக்கூடிய ஒரு சின்னப் பெண் வந்தாள். நாமக்கல்லில் இந்நேரம் அந்தப் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பக் கார் வந்து நின்றிருக்கும். யாரும் தடுக்கவில்லையே, ஒரு சட்டையை இன்னொருத்திக்குக் கொடுத்திருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கோழி பிழைக்கிறதே என்ற சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் பயம்தான் வந்தது. இப்படியொரு பயத்தை அவள் இதற்குமுன் அறிந்ததில்லை.

கொட்டகைப் பக்கம் ஜெனரேட்டர் ஒருமுறை உறுமி அடங்கியது. காளியண்ணன் ஏதோ திட்டினார்.

அப்போது தண்ணீர்ச் சத்தம் நின்று, ஷெட்டின் கடைசிக் கோடியிலிருந்து அந்தச் சத்தம் மெலிதாக வந்தது. தொண்டையைச் செருமி, குட்டையாக இரண்டு இருமல். அச்சாக அவளுடைய இருமல். பல வருஷம் வெளியில் முட்டை அடுக்கிக்கொண்டே கேட்ட இருமல், அங்காளம்மாளின் தொண்டையிலிருந்து பிசகில்லாமல் வந்தது.

'குர்ர்ர்' என்று ஒரு முனகல் அங்கே கிளம்பியது. வரிசை வரிசையாக வாசலை நோக்கி வந்தது. தினமும் காலையில் அவளுக்குச் சொல்கிற அதே பதில். சௌந்திரம் பட்டு முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.